செவ்வகத்தின் விடுபட்ட முனையைத் தேட ஜியோஜீப்ரா எவ்வளவு உதவும்?

ஆயத்தொலைத் தளத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று முனைகளைக் கொடுத்துவிட்டு நான்காவதைக் கேட்கும் கணக்கைப் பள்ளிக் கணிதத்தின் மிக எளிய கணக்குகளில் ஒன்றாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் ஓயாமல் சறுக்கும் இடம் அது என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் சொல்வது சரிதான், ஏனெனில் அவர்கள் ஒரே கணக்கைப் பற்றிப் பேசவில்லை. பக்கங்கள் அச்சுகளுக்கு இணையாக அமைந்த செவ்வகம் ஒரு கணக்கு. சாய்ந்து நிற்கும் செவ்வகம் அதிலிருந்து வெகுதூரம் விலகிய இன்னொரு கணக்கு. இரண்டு முனைகளை மட்டும் கொடுத்து மற்ற இரண்டையும் கேட்பது முற்றிலும் வேறு. ஜியோஜீப்ரா என்ற மென்பொருளைப் பொதுவாகப் புகழ்ந்து எழுதப்பட்டவை ஏராளமாக உள்ளன. இந்த மதிப்புரையில் அதனை இந்த ஒரே வேலைக்கு நிறுத்திப் பார்க்கிறேன்: விடுபட்ட முனையைக் காண அது உதவுகிறதா, உதவுகிறதென்றால் மாணவருக்குப் புரிய வைக்கிறதா, அல்லது விடையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறதா?

அறியாதவர்களுக்காகச் சிறு அறிமுகம். மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001-ஆம் ஆண்டு தம் முதுநிலை ஆய்வேட்டின் பகுதியாகத் தொடங்கியது ஜியோஜீப்ரா. வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் பிணைப்பதே அதன் அடிப்படை எண்ணம். ஒரு பக்கத்தில் புள்ளியின் எண்கள், மறுபக்கத்தில் அதே புள்ளியின் படம். எண்ணை மாற்றினால் புள்ளி நகரும், புள்ளியை இழுத்தால் எண் மாறும். நம் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பைக் கற்பனை செய்வது கடினம். வரைபடச் செயலி, வடிவியல் செயலி, முப்பரிமாணச் செயலி, எல்லாவற்றையும் உள்ளடக்கிய கிளாசிக் பதிப்பு என்று பல வடிவங்களில் அது கிடைக்கிறது. செவ்வகக் கணக்குகளுக்கு வடிவியல் செயலியோ கிளாசிக் பதிப்போ போதும்.

முதலில் எளிய வகையைப் பார்ப்போம். (−4, 3), (5, 3), (5, −2) ஆகிய மூன்றும் ஒரு செவ்வகத்தின் முனைகள் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் மதிப்புகளில் 5 இருமுறை வந்துவிட்டது, −4 ஒருமுறைதான் வந்திருக்கிறது. ஒய் மதிப்புகளில் 3 இருமுறை, −2 ஒருமுறை. அச்சுகளுக்கு இணையான செவ்வகத்தில் ஒவ்வொரு மதிப்பும் இருமுறை வந்தாக வேண்டும் என்பதால், இணையின்றி நிற்கும் இரண்டையும் சேர்த்தால் (−4, −2) என்ற விடை வந்துவிடுகிறது. இதற்கு மென்பொருள் தேவையே இல்லை. ஆனால் இதே செவ்வகத்தின் நீளத்தைக் கேட்டால் 5 − 4 = 1 என்று எழுதும் மாணவர், புள்ளிகளைத் திரையில் வைத்த கணமே ஒன்பது கட்டங்கள் விரிந்து கிடப்பதைப் பார்க்கிறார். கழிக்க வேண்டியது −4-ஐ, ஆகவே 5 − (−4) = 9 என்பதைப் பலமுறை வாயால் சொல்லிப் புரியாதவருக்கு அந்தப் படம் புரிய வைக்கும். ஆயத்தொலைவுகளை இடம் மாற்றி எழுதும் பழக்கத்துக்கும் இது நல்ல மருந்து: (5, −2)-க்குப் பதிலாக (−2, 5) என்று தட்டினால், நான்காம் கால்பகுதியில் இருக்க வேண்டிய புள்ளி இரண்டாம் கால்பகுதிக்குத் தாவி, செவ்வகமே கலைந்துபோகும். பிழையைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் வர வேண்டியதில்லை.

சாய்ந்த செவ்வகத்துக்கு வரும்போதுதான் மென்பொருளின் தரம் தெரிகிறது. ஏ (1, 1), பி (5, 3), சி (4, 5) என்ற மூன்று முனைகளை வரிசையாகக் கொடுத்து டி என்ற நான்காவது முனையைக் கேட்கிறார்கள் என்று கொள்வோம். கொடுத்த மூன்று முனைகளில் எந்த மதிப்பும் இருமுறை வரவில்லை. முதல் வகையில் கற்ற தந்திரம் முழுவதும் பயனற்றுப் போகிறது. கற்றுக்கொடுக்க வேண்டியது நகர்வை. பி-யிலிருந்து சி-க்குப் போக இடப்புறம் 1, மேலே 2 நகர்கிறோம்; எதிர்ப்பக்கம் இணையாகவும் சமமாகவும் இருக்க வேண்டுமாதலால் ஏ-யிலிருந்தும் அதே நகர்வைச் செய்தால் (0, 3) கிடைக்கிறது. இதையே நடுப்புள்ளி வழியாகவும் அடையலாம். ஏசி என்ற மூலைவிட்டத்தின் நடுப்புள்ளி (2.5, 3); பிடி-யின் நடுப்புள்ளியும் அதுவாகவே இருக்க வேண்டும்; ஆகவே டி-யின் எக்ஸ் மதிப்பு 5 − 5 = 0, ஒய் மதிப்பு 6 − 3 = 3. மூலைவிட்டங்கள் இரண்டும் 5 அலகு நீளம் என்பதைச் சரிபார்த்தால் அது செவ்வகம் என்பதும் உறுதியாகிவிடும்.

ஜியோஜீப்ராவில் இதை ஒரே வரியில் எழுதலாம். உள்ளீட்டுப் பெட்டியில் டி = ஏ + சி − பி என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டினால் நான்காவது புள்ளி உடனே தோன்றும். புள்ளிகளை எண்களைப் போலவே கூட்டவும் கழிக்கவும் அது அனுமதிக்கிறது என்பது பலருக்குத் தெரியாத வசதி. தெரிந்துகொண்டவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பும் அதிகம். ஏனென்றால் அந்த வரிக்குச் செவ்வகம் என்றால் என்னவென்று தெரியாது, இணைகரம் மட்டுமே தெரியும். சி-யை (4, 5)-இலிருந்து (4, 6)-க்கு நகர்த்துங்கள். சிறிதும் தயங்காமல் (0, 4) என்ற விடையைத் தரும். ஆனால் அப்போது பி-யில் செங்கோணம் இல்லை. வேறெந்த முனையிலும் இல்லை. அந்த மூன்று புள்ளிகளைக் கொண்டு செவ்வகமே அமையாது என்பதுதான் சரியான விடை. மென்பொருளோ பணிவோடு ஓர் இணைகரத்தை நீட்டுகிறது. வினாத்தாள் தயாரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செவ்வகம் என்று எழுதிவிட்டு மூன்று புள்ளிகளை மனம்போல் எடுத்தால், மாணவர்கள் எல்லோரும் ஒரே விடையை எழுதுவார்கள், எல்லோருக்கும் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும், கேள்வி மட்டும் தவறாகவே இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஜியோஜீப்ரா வடிவியல் செயலியின் மிகச் சிறந்த அம்சம் என்று நான் கருதுவதைச் சொல்ல வேண்டும்: அதில் செவ்வகம் வரைவதற்கென்று தனிக் கருவி கிடையாது. பலகோணம், ஒழுங்குப் பலகோணம், செங்குத்துக் கோடு, இணைகோடு, நடுப்புள்ளி, வெட்டுப்புள்ளி, எதிரொளிப்பு எல்லாம் உண்டு. ஓரிரு தட்டலில் செவ்வகத்தைத் தரும் பொத்தான் இல்லை. புதிதாக வருபவர்கள் இதைக் குறையாகப் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. செவ்வகம் வேண்டுமென்றால் மாணவரே அதைக் கட்ட வேண்டும்: ஏ, பி என்ற இரு புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடு, பி வழியாக அதற்கொரு செங்குத்துக் கோடு, அந்தக் கோட்டின்மேல் சி, பிறகு சி வழியாக முதற்கோட்டுக்கு ஓர் இணைகோடு, ஏ வழியாக இன்னொரு செங்குத்து, அவை வெட்டும் இடம் டி. இந்த வரிசையைத் தானாகவே யோசித்து எழுதும் மாணவருக்குச் செவ்வகத்தின் வரையறை நினைவில் இருக்கிறது என்பதற்கு வேறு தேர்வு வேண்டாம்.

கட்டி முடித்தபின் இழுத்துப் பார்க்க வேண்டும். நான்கு புள்ளிகளையும் கண்ணளவில் வைத்து வரைந்த செவ்வகம், ஒரு முனையைப் பிடித்து இழுத்தவுடன் கோணலாகிவிடும். முறைப்படி கட்டிய செவ்வகம் எந்தப் பக்கம் இழுத்தாலும், எவ்வளவு சாய்த்தாலும், செவ்வகமாகவே இருக்கும். மென்பொருள் நிறத்தாலும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. விருப்பம்போல் நகர்த்தக்கூடிய புள்ளிகள் நீல நிறத்தில் இருக்கும்; பிறவற்றைச் சார்ந்து அமையும் புள்ளி கருஞ்சாம்பலாகத் தெரியும், அதைப் பிடித்து இழுக்க முடியாது. டி அசைய மறுக்கிறதே என்று மாணவர் கேட்பார். மூன்று முனைகள் முடிவானபின் நான்காவதற்குச் சுதந்திரம் இல்லை என்ற உண்மையை அவர் அந்தக் கேள்வியிலேயே தொட்டுவிட்டார்.

மூன்று புள்ளிகளைக் கொடுத்துவிட்டு வரிசையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? இணைகரமென்றால் மூன்று விடைகள் உண்டு. மேற்சொன்ன (1, 1), (5, 3), (4, 5) என்ற புள்ளிகளுக்கு (0, 3), (2, −1), (8, 7) ஆகிய மூன்றும் இணைகரத்தை நிறைவு செய்யும். செவ்வகமென்றால் ஒன்றுதான், ஏனெனில் மூன்று புள்ளிகளாலான முக்கோணத்தில் செங்கோணம் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. செங்கோணம் இருக்கும் முனைக்கு எதிரேதான் விடுபட்ட முனை அமையும். ஆகவே கணக்கின் முதற்படி, செங்கோணம் எங்கே என்று தேடுவது. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குத் தொலைவுச் சூத்திரமும் பிதாகரஸ் தேற்றமும் போதும்: பக்கங்களின் வர்க்கங்கள் 20, 5, 25; 20 + 5 = 25 என்பதால் மிக நீண்ட பக்கத்துக்கு எதிரே உள்ள பி-யில் செங்கோணம். சாய்வு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. அதற்குப்பின் இரு சாய்வுகளின் பெருக்கம் −1 ஆகிறதா என்று பார்க்கலாம், ஆனால் ஒய் அச்சுக்கு இணையான கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படாததால் அச்சுகளுக்கு இணையான செவ்வகத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். ஜியோஜீப்ராவில் இரு கோடுகளுக்கிடையே உள்ள தொடர்பைச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. அவை செங்குத்தா, இணையா என்று அது தெரிவிக்கும். அதை மாணவர் தம் கணக்கைச் செய்து முடித்தபின் சரிபார்க்க மட்டும் திறந்துகாட்டுவது நல்லது.

இனி இரண்டு முனைகள் மட்டும் தெரிந்த வகை. மென்பொருளின் மேன்மையை இந்த இடத்தில் காகிதத்தால் எட்டவே முடியாது என்பது என் கணிப்பு. எதிரெதிர் முனைகளாக (−5, 0), (5, 0) ஆகியவற்றைக் கொடுத்து மற்ற இரண்டையும் காணச் சொன்னால், பெரும்பாலானோர் ஏதாவது ஒரு விடையை எழுதிவிட்டு நின்றுவிடுவார்கள். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தை நினைத்துக்கொண்டு, இவ்விரு புள்ளிகளையும் விட்டத்தின் முனைகளாகக் கொண்ட வட்டத்தை வரைந்து, அதன்மேல் ஒரு புள்ளியை வைத்து, அதை வட்டமையத்தைப் பொறுத்து எதிரொளித்தால் நான்காவது புள்ளி கிடைக்கிறது. பிறகு வட்டத்தின்மேல் இருக்கும் புள்ளியைப் பிடித்துச் சுற்றினால், செவ்வகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து ஒடுங்குவதைக் காணலாம். எண்ணற்ற விடைகள் உண்டு என்ற வாக்கியம் அப்போது கண்முன் நிகழ்கிறது. அடுத்த கேள்வி தானாக எழும்: முழு எண் ஆயத்தொலைவுகள் மட்டும் வேண்டுமென்றால் எத்தனை? ஆரம் 5, ஆகவே எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூடி 25 ஆக வேண்டும். (0, 5), (3, 4), (4, 3) ஆகியவையும் அவற்றின் குறிகளை மாற்றிக் கிடைப்பவையும் மட்டுமே அதற்குப் பொருந்தும். எதிரெதிரே இணைத்தால் ஐந்து செவ்வகங்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று சதுரம். பரப்பளவு முறையே 50, 40, 40, 30, 30. ஒரு சிறு கேள்வியிலிருந்து வட்டமும் பிதாகரஸும் பரப்பும் ஒன்றாக வந்து நிற்கும் இத்தகைய இடத்தை ஒரு வகுப்புவேளை முழுவதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தடுத்த இரு முனைகளும் பரப்பளவும் கொடுக்கப்பட்டால் விடைகள் இரண்டு. (1, 2), (4, 6) என்ற முனைகளும் 50 சதுர அலகு என்ற பரப்பும் தெரிந்தால், பக்கம் 5 என்பதால் மற்றப் பக்கம் 10. இரண்டாவது முனை வழியாகச் செங்குத்துக் கோடு வரைந்து, அதே முனையை மையமாகக் கொண்டு 10 அலகு ஆரத்தில் வட்டம் வரைந்து, வெட்டுப்புள்ளிக் கருவியைத் தொட்டால் (−4, 12), (12, 0) என்ற இரண்டும் ஒருசேரத் தோன்றும். ஒன்றுக்கு இணையான நான்காவது முனை (−7, 8), மற்றதற்கு (9, −4). காகிதத்தில் மேற்புறச் செவ்வகத்தை வரைந்துவிட்டு முடிந்ததென்று நினைப்பவருக்கு, கோட்டின் மறுபுறமும் ஒன்று இருக்கிறது என்பதை மென்பொருள் கேட்காமலே சொல்லிவிடுகிறது.

குறைகள் என்று பார்த்தால், இரண்டைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். முதலாவது அச்சுகளின் அளவுத்திட்டம். வரைபடச் செயலியில் ஓர் அச்சைப் பிடித்து இழுத்தால் அதன் அளவு மட்டும் மாறும். எக்ஸ் அச்சில் ஓர் அலகும் ஒய் அச்சில் ஓர் அலகும் அதன்பின் ஒரே நீளமாக இருக்காது. அச்சுகளுக்கு இணையான செவ்வகம் அப்போதும் செவ்வகமாகவே தெரியும் என்பதால் எவருக்கும் ஐயம் எழாது. சாய்ந்த செவ்வகமோ உருக்குலைந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் ஒய் அச்சை மட்டும் இருமடங்காக நீட்டினால், ஏ-யில் உள்ள கோணம் சிதைந்து, உண்மையில் 90 பாகையாக இருப்பது திரையில் ஏறத்தாழ 59 பாகையாகத் தோன்றும். மென்பொருள் கோணத்தை 90 என்றே எழுதும், கண்ணோ அதை மறுக்கும். மாணவர் எதை நம்புவார்? அமைப்புகளில் இரு அச்சுகளின் விகிதத்தை 1 : 1 என்று பூட்டிவிடுவதுதான் தீர்வு. பாடத்தைத் தொடங்குமுன் ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

இரண்டாவது, எண்களை முழுமையாக்கிக் காட்டுவது. இயல்பு அமைப்பில் இரண்டு தசம இடங்கள் மட்டுமே தெரியும். நம் சாய்ந்த செவ்வகத்தின் பக்கங்கள் √20, √5. திரையில் அவை 4.47, 2.24 என்று நிற்கும். இவ்விரண்டையும் பெருக்கும் மாணவருக்குப் பரப்பு 10.0128 என்று வரும், உண்மையான பரப்போ 10 மட்டுமே. இது சிறு தொல்லை. இதைவிடப் பெரிய தொல்லை, செங்கோணம் அல்லாத ஒன்று செங்கோணமாகத் தோன்றுவது. ஆதிப்புள்ளியிலிருந்து (120, 1), (−1, 119) ஆகிய புள்ளிகளுக்குக் கோடுகள் இழுத்து இடைப்பட்ட கோணத்தைக் கேளுங்கள். இரு தசம இடங்களில் அது 90 பாகை என்று காட்டும், உண்மையில் 90.004 பாகை. எண்களைக் கையில் எடுத்துப் பெருக்கிப் பார்த்தால் ஒரு நொடியில் உண்மை தெரியும்: 120 × (−1) + 1 × 119 = −1; சுழியம் வரவில்லை, ஆகவே செங்குத்து இல்லை. தசம இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள அமைப்புகளில் வழி இருக்கிறது. ஆனால் எத்தனை இடங்கள் வைத்தாலும், திரையில் 90 என்று வந்துவிட்டது என்பதை நிரூபணமாக எழுத விடக்கூடாது.

பயன்பாட்டு நிலையில் சில சிறு விவரங்கள். புள்ளிக்குப் பெயரிடும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தே வேண்டும். சிறிய எழுத்தில் பெயரிட்டு அடைப்புக்குறிக்குள் இரு எண்களைக் கொடுத்தால் மென்பொருள் அதை வெக்டராக எடுத்துக்கொண்டு ஆதிப்புள்ளியிலிருந்து ஓர் அம்பை வரைந்துவிடும். புதியவர்கள் திகைப்பது இதில்தான். பலகோணக் கருவியில் முனைகளை வரிசைமாற்றித் தொட்டால் பக்கங்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு பட்டாம்பூச்சி போன்ற உருவம் வரும். ஏபிசிடி என்று சுற்றுவரிசையில் பெயரிட வேண்டியதன் காரணத்தை விளக்க அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். கட்டப்புள்ளிகளில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் வசதியை முழு எண் கணக்குகளுக்கு இயக்கிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் விரல் நடுங்கி (4, 5) என்பது (4.03, 4.97) ஆகிவிடும். கைபேசியில் வேலை நடக்கும், ஆனால் சிறிய திரையில் விரலே புள்ளியை மறைத்துவிடுகிறது. இழுத்துப் பார்க்கும் பயிற்சிகளுக்குக் கணினியோ சற்றே பெரிய பலகைக் கணினியோ வசதி. மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. எனினும் கட்டளைகளை ஆங்கிலத்திலேயே பழக்கிக்கொண்டால் இணையத்தில் கிடைக்கும் பயிற்சித்தாள்களைப் பின்தொடர்வது எளிது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது அந்நியமான பொருளும் அல்ல. மாநிலப் பாடநூல் கணிதப் புத்தகங்களில் இணையச் செயல்பாடு என்ற பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும் விரைவுக் குறியீட்டை வருடினால் திறப்பது பெரும்பாலும் ஜியோஜீப்ரா பயிற்சித்தாள்தான். ஒன்பதாம் வகுப்பின் ஆயத்தொலை வடிவியல் பாடத்திலும் அத்தகைய பகுதி உண்டு. ஆயத்த பயிற்சித்தாள்களைத் திறந்து பொத்தானை அழுத்திப் பார்ப்பதோடு நின்றுவிட்டால் பயன் குறைவு. வெற்றுத் திரையைத் திறந்து முதற்புள்ளியிலிருந்து கட்டச் சொல்ல வேண்டும். கிளாசிக் பதிப்பில் உள்ள கட்டுமானப் படிவரிசையைத் திறந்தால், மாணவர் எதற்குப்பின் எதை வரைந்தார் என்று ஒவ்வொரு படியாகத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். விடைத்தாளில் தெரியாத சிந்தனையின் தடம் அதில் தெரியும். இணையத்தில் பகிரப்பட்டுள்ள பயிற்சித்தாள்களை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் அவற்றின் தரம் சீராக இருக்காது.

மாற்று மென்பொருள்களில் டெஸ்மாஸ் குறிப்பிடத்தக்கது. சமன்பாடுகளை வரையவும், புள்ளிகளைத் தட்டச்சு செய்து சட்டெனப் பார்க்கவும் அது வேகமானது, தோற்றத்திலும் துப்புரவானது. அச்சுகளுக்கு இணையான செவ்வகங்களுக்கு இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றுதான். செங்குத்து, இணை, வெட்டுப்புள்ளி என்று படிப்படியாகக் கட்டிப் பார்க்க வேண்டிய சாய்ந்த செவ்வகங்களுக்கு என் தேர்வு ஜியோஜீப்ராவே.

விலை என்று எதுவும் இல்லை. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசம் என்பது உரிம விதி; ஆகவே பாடங்களை விலைக்கு விற்கும் நிறுவனங்கள் அந்த விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. 2021 டிசம்பரில் பைஜூஸ் நிறுவனம் இதனை வாங்கியதும், பின்னர் 2024-இல் அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றதும் செய்திகளில் வந்தவை. ஆசிரியர்கள் தாங்கள் உருவாக்கிய கோப்புகளை இணையக் கணக்கில் மட்டும் வைக்காமல் சொந்தக் கணினியிலும் சேமித்துவைப்பது எந்த இலவசச் சேவைக்கும் பொருந்தும் எச்சரிக்கை. கணினியில் நிறுவிக்கொள்ளும் கிளாசிக் பதிப்பு இணைய இணைப்பின்றியே இயங்கும் என்பதால், இணைப்பு விட்டுவிட்டு வரும் பள்ளிகளுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மென்பொருள் ஈடு செய்யாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணிதத் தாளில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண். அதைக் காகிதத்தில், பென்சிலால், மாணவரே அளவுத்திட்டம் தேர்ந்தெடுத்து வரைய வேண்டும். திரையில் கட்டங்கள் தாமாகவே வந்துவிடுவதால், எந்த அச்சில் 1 செ.மீ.-க்கு எத்தனை அலகு என்று முடிவு செய்யும் பழக்கம் திரைமுன் மட்டும் பயில்பவருக்கு வராது. ஆகவே ஆறு, ஏழாம் வகுப்புகளில் அச்சுகளுக்கு இணையான செவ்வகங்களைக் கிராஃப் நோட்டிலேயே வரையச் சொல்லலாம். சாய்ந்த செவ்வகம் வரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து, ஒவ்வொரு கணக்கையும் முதலில் தாளில் செய்து, விடையை எழுதி, அதன்பிறகே ஜியோஜீப்ராவைத் திறந்து முனைகளை இழுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.